நாலரைக் கிலோ

பழையதைக் கடைய மாட்டேன் என்றுவிட்டார்
கணபதி லேத் பட்டறை வஞ்சிமுத்து.
"வார்ப்பு இரும்புங்க. ஓரத்தைச் சீவி விட்டா
ஆறாயிரம் சுத்துல எந்தப் பக்கம் பறக்கும்னு
அதுக்கே தெரியாது.
கால் ரெண்டும் வேணுமல்லங்க உங்களுக்கு?"

ஆகவே ஸ்டீலில் புதிதாக ஒன்று.
இருபது நாள் என்றார். நாற்பத்து மூன்று ஆனது.
நடுவில் ஆடி நோம்பி,
ஒரு பம்ப்செட் கம்பெனியின் அவசரம்,
அப்புறம் ஒரு வாரம், காரணமே சொல்லாமல்.

பீளமேட்டில் மேகலா அதைச் சுழலவிட்டுப் பார்த்தாள்.
ஒரு பக்கம் ஏழு கிராம் கூடுதல்.
சாக்பீஸால் கோடிழுத்து
அந்த ஏழு கிராமை மட்டும் துளைத்தெடுத்தாள்.
என் ஆயுசில் எதற்கும்
இவ்வளவு சரியாக யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

சோமனூர் குடோனில்
நூல் எடை போடும் தராசில் இரண்டையும் வைத்தேன்.
பழைய ஃப்ளைவீல் ஒன்பது எண்ணூறு.
புதியது ஐந்து முந்நூறு.
இரண்டு கோன் நூலும் கொசுறும்.
பழையது முழுசாகத்தான் கிடக்கிறது,
அதிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை.
பிறகு எங்கிருந்து குறைந்தது இந்த நாலரைக் கிலோ?

ஞாயிற்றுக்கிழமை ஜாகீர் கியர்பாக்ஸை இறக்கினான்.
எட்டு போல்ட்டு, எதிரும் புதிருமாக,
டார்க் ரென்ச் 'டக்' என்று சொல்லும்வரை.
கிளட்ச் தட்டில் எந்தப் பக்கம் என்று அச்சடித்திருந்தும்
திருப்பிப் போட்டுவிட்டோம்.
எல்லாவற்றையும் மறுபடி இறக்கினோம்.
யாரிடமும் சொல்வதில்லை என்று பேச்சு.
இதோ சொல்லிவிட்டேன்.

சாவியைத் திருப்பினால்
நின்ற இடத்தில் நடுங்குகிறது வண்டி.
கியர்பாக்ஸுக்குள் யாரோ
தகர முறத்தில் சோளம் புடைக்கிறார்கள்.
கிளட்சை மிதித்தால் புடைப்பது நிற்கும்,
எடுத்தால் தொடரும்.

விடியுமுன் நீலாம்பூர் பைபாஸ்.
இரண்டாவது கியர்.
முள் ஏறியது என்று சொல்வதற்கில்லை.
முள் அங்கே இருந்தது.
சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.

மூன்றாவதுக்கு மாற்றும்போதுதான் தெரிந்தது.
கிளட்சுக்குப் போன கால் திரும்புவதற்குள்
சுற்று விழுந்துவிட்டது.
டர்போ இருந்த மூச்சையும் விட்டுவிட்டு
முதலிலிருந்து இழுக்கத் தொடங்கியது.
கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை
தறிகள் சும்மா நிற்குமே, அந்த இடைவெளி.
இத்தனை வருசமாக அதைப் பழையது
தன் கனத்தாலேயே தாண்டிக்கொண்டிருந்திருக்கிறது.
ஒரு நாளும் சொன்னதில்லை.

சிங்காநல்லூர்ப் பாலத்து ஏற்றத்தில்
மூன்று முறை ஆஃப் ஆனது.
பின்னால் டவுன் பஸ்.
கண்டக்டர் படியில் தொங்கியபடி,
"ஏனுங்க, இப்பத்தான் பழகறீங்களா?"
பதினாறு வருசமாக ஓட்டுகிறேன்.
சோபனா மடியில் சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு
ரோட்டைப் பார்த்தே சொன்னாள்:
"எம்பதாயிரம் குடுத்து
வண்டிய நிக்க வெக்கக் கத்துக்கிட்டீங்க."

ஆனால் அடுத்த வாரம் வால்பாறை மலையில்
இறக்கத்தில், ஒன்பதாவது வளைவுக்கு முன்
கியரைக் குறைத்தேன்.
விரல் சொடுக்கும் நேரத்தில்
எஞ்சின் எழும்பி வந்து கையில் நின்றது,
கூப்பிடும் முன்னே வந்த மாதிரி.
சோபனாகூட ஒன்றும் சொல்லவில்லை.
தூங்கிக்கொண்டிருந்தாள்.

"திருப்பிப் போட்டுரலாமாண்ணா?" ஜாகீர் கேட்டான்.
அடுத்த கிளட்ச் தேயட்டும், பார்க்கலாம் என்றேன்.
இப்போது ஏற்றத்தில்
காலைக் கொஞ்சம் மெதுவாக எடுக்கிறேன்.

பழையது குடோன் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது.
நேற்றுப் பார்த்தால் பல்வட்டத்தில் துரு.
ஆயில் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது
கூரியர்ப் பையன் கேட்டான்,
எடைக்குப் போடறீங்களா என்று.
இல்லை என்றேன்,
கொஞ்சம் வேகமாகவே.